பத்மா அன்ரியும் நோர்வேக்குப் போன படமும்

ஜப்பானில் நான் எடுத்த முதல் பிலிம் ரோலைக் கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் பத்மா அன்ரி நிற்கிறார். கோயில் வாசலில் நிற்கிறார். பாலத்தில் நிற்கிறார். பூட்டிக் கிடந்த ஒரு மீன்கடைக்கு முன்னாலும் நிற்கிறார். அந்தக் கடையின் தகரக் கதவில் காலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. அந்த வெயிலுக்காகத்தான் நான் றோட்டில் முழங்காலில் நின்று குறி பார்த்துக்கொண்டிருந்தேன். "பொறு பிள்ளை, வாறன்" என்று ஒரு குரல். வெயில் மறைந்தது, அன்ரி வந்து நின்றார். தோளில் கிடந்த கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

பயணம் போய் வந்தவர்கள் எல்லோரும் மனம் குளிர்ந்துதான் எழுதுகிறார்கள். நானும் இரண்டு நாடு பார்த்தேன், நன்றாகச் சாப்பிட்டேன், நல்ல மனிதர்களைக் கண்டேன். ஆனாலும் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்து பிளாசா ஒன்றில், ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவிக் கொடுக்கும் கடையில். எங்கள் சனம் படம் எடுக்கிற விதம் எனக்கு மனப்பாடம். நயாகராவுக்கு முன்னால் ஆள், புதுக் காருக்கு முன்னால் ஆள், ஸ்னோவுக்கு முன்னால் ஆள், கேக்குக்குப் பின்னால் ஆள். தவறி ஆளில்லாத படம் ஒன்று வந்துவிட்டால் கவுண்டரில் நின்று சண்டை பிடிப்பார்கள். "உதில ஒருத்தரும் இல்லையே தங்கச்சி, உதுக்கும் காசோ?"

கடை முதலாளி கொரியாக்காரர். ஒருமுறை ஊருக்குப் போய்வந்து ஒரு கட்டு ரோல் தந்தார். கழுவிப் பார்த்தால் ஒரு படத்திலும் ஆளில்லை. ஒரு கூரையின் விளிம்பு, மழையில் நனைந்த படி, மதிலில் ஒரு பூனை. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. நானும் போக வேண்டும், இப்படி எடுக்க வேண்டும், அதுவும் தனியாகப் போய் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

"தனியவோ?" என்றா அம்மா. "முப்பத்திரண்டு வயசுப் பொம்பிளைப் பிள்ளை ஜப்பான் கொரியா எண்டு தனியச் சுத்தித் திரிஞ்சவள் எண்டால் பிறகு ஆர் சம்பந்தம் பேச வருவினம்?"

அம்மாவுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கடைசியில் மோர்னிங்சைட்டில் இருக்கிற பத்மா அன்ரி என்னோடு வருவது என்று வீட்டில் தீர்ப்பானது. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், புருசன் சிவம் அங்கிள் ரீவிக்கு முன்னால் இருப்பார், வீட்டில் பெரிய வேலையில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். யாரும் காதில் விழுத்தவில்லை.

ரோக்கியோவில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் வெள்ளைக் கையுறையோடு அன்ரியின் பெட்டியைத் திறந்தார். மிளகாய்த்தூள் போத்தல் வந்தது. சின்னச் சோற்றுப் பானை வந்தது. அதற்கடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சாறி, பொருத்துகிற கொண்டை, கல்லுவைத்த அட்டியல். அதிகாரி அட்டியலைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், தலைகுனிந்து வணங்கிவிட்டு மூடினார்.

"உது ஆருக்கு அன்ரி?"

"உனக்குத்தான் பிள்ளை. சம்பந்தம் பேசிற நோர்வே ஆக்கள் சாறியோட முழு ஆளும் தெரியிற படம் ஒண்டு கேட்டவையாம். பின்னால நல்ல இடம் ஒண்டு தெரிஞ்சால் இன்னும் நல்லமாம். கொம்மாதான் வைச்சு விட்டவ. உன்னட்டை இப்ப சொல்லவேண்டாம் எண்டவ."

அன்ரி எனக்குக் காவலுக்கு வரவில்லை, படம் பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் சேர்த்த காசில், நான் கேட்ட லீவில், நான் தெரிந்தெடுத்த நாட்டில், என்னையே நிறுத்தி எடுத்து ஒஸ்லோவில் இருக்கிற யாரோ ஒரு பெடியனின் தாய்க்கு அனுப்பப் போகிறார்கள். அந்த விமான நிலையத்தில் ஒருவரும் சத்தம் போடாததால் நானும் போடவில்லை. சாறியை நான் தொடப்போவதில்லை, நோர்வேக்குப் படமும் போகாது என்று மட்டும் சொன்னேன். "பாப்பம், பாப்பம்" என்றார் அன்ரி.

அடுத்த நாள் ரயில். எங்கள் சப்வேயில் கதவு மூடும்போது கையை வைத்தால் திறக்கும், டிரைவர் திட்டுவார், நாமும் திட்டலாம். ரோக்கியோவில் அதெல்லாம் நடக்காது. சனத்துக்குள் நான் இறங்கிவிட்டேன், "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிச் சொல்லி அன்ரி வருவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குள் அன்ரியின் முகம், அன்ரியின் தோளில் என் கமரா லென்ஸ் பை. கண்ணாடியில் தட்டினேன். அன்ரிக்காகவும்தான், லென்ஸுக்காகவும்தான்.

அடுத்த ஸ்டேசனுக்கு ஓடினேன். தொப்பி போட்ட ஒரு இளம் அதிகாரியின் அறையில் கதிரையில் இருந்து அன்ரி பச்சைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "சீனி போடாமல் தாறாங்கள், ஆனால் நல்ல பெடியன். கலியாணம் முடிச்சிட்டியோ எண்டு கையால கேட்டன், இல்லையாம்." அந்தப் பெடியன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ரயில் குறித்த நேரத்துக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிற மனிதனிடம் எப்படிக் கோபிப்பது? மிச்சக் கோபத்தையும் அன்ரியிலேயே காட்டினேன்.

கியோத்தோவில் ஒரு புத்த கோயில். உள்ளே பெயர் போன தோட்டம் இருக்கிறது என்றார்கள். அங்கே செடியுமில்லை, பூவுமில்லை. வெள்ளைக் குறுணிக் கல்லைப் பரப்பி, வாரியால் கோடு கோடாக இழுத்து விட்டிருக்கிறார்கள். நடுவில் சில பாறைகள். மரத் தாழ்வாரத்தில் சனம் இருந்து அதைப் பேசாமல் பார்க்கிறது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் இருந்தபின் எழும்ப மனம் வரவில்லை. இந்தப் படத்துக்குத்தானே வந்தேன் என்று நினைத்தேன். சூரியனை ஒரு முகில் மறைத்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் கமரா பூட்டி ஒரு முதியவரும் அந்த முகில் விலகக் காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ரோல் மாற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அன்ரி கல்லுக்குள் நின்றார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கோயில் என்றும் நான் சொல்லிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் ஊர்க் கோயில் வீதியைப்போல வெள்ளை மணல், நடுவில் கல்லு. எங்கள் ஆட்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்ரி கையைக் கூப்பிக்கொண்டு, வெறுங்காலோடு, பாறைகளை இடமிருந்து வலமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வாய் தேவாரம் முணுமுணுத்தது. காலையில் யாரோ மணிக்கணக்காக இழுத்த கோடுகளில் அன்ரியின் காலடி வரிசையாக விழுந்தது.

பிக்கு ஒருவர் ஓடிவந்தார். தடுப்பதென்றால் அவரும் கல்லில் இறங்க வேண்டும், இறங்க அவருக்குக் கால் வரவில்லை. கரையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். தன்னை ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்து அன்ரி தலைக்குமேல் கைகூப்பி அவரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினார். தாழ்வாரம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அப்போது முகில் விலகியது. முக்காலி முதியவர் டக்கென்று ஒரு படம் எடுத்தார். ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த மாணவி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் எத்தனையோ வருடமாக வருகிறாராம். இதில் ஒரு மனிதர் நடப்பதை இன்றைக்குத்தான் காண்கிறாராம்."

நான் எடுக்கவில்லை. மூடி திறந்த கமராவைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கத்தில் முகம் எரிய நின்றேன். எங்களை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் வைத்துக் கத்தினேன்.

"உது உங்கட கோயில் வீதியில்லை அன்ரி!"

"நீதானே கோயில் எண்டு சொன்னனீ? கோயிலுக்கு வந்திட்டுச் சுத்தாமல் போறதோ?"

அவர் சொன்னது சரி. சரி என்பதால் இன்னும் கத்தினேன். அதற்குப்பிறகு அன்ரி எல்லாவற்றுக்கும் கேட்கத் தொடங்கினார். இதை மிதிக்கலாமோ, இதில இருக்கலாமோ, இதுக்கு முன்னால நிக்கலாமோ? அந்தக் கேள்விகள் முன்னையதைவிடக் கூடுதலாக எனக்கு எரிச்சலை மூட்டின. நில்லுங்கோ, எங்கயெண்டாலும் நில்லுங்கோ என்றேன். அவரும் நின்றார்.

கப்பலில் கொரியாவுக்குப் போனோம். கட்டில் கிடையாது, பாய் விரித்த பெரிய அறை. வியாபாரத்துக்குப் போய்வருகிற கொரியக் கிழவிகள் வட்டமாக இருந்து தோடம்பழம் உரித்தார்கள். அன்ரி தன் மிக்ஸர் பையைத் திறந்தார். பாசை தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி என்னைக் காட்டி நீளமாக ஏதோ கேட்டாள். ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் மொழிபெயர்த்தாள்: "இது உங்கள் மகளா, ஏன் இன்னும் கலியாணம் முடியவில்லை, முகத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்." பசிபிக் கடலைக் கடந்து வந்தும் அதே கேள்வி. அன்ரி என்ன விடை சொன்னாரோ தெரியாது, எல்லாக் கிழவிகளும் என்னைப் பார்த்து ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். நான் எழும்பி மேல்தட்டுக்குப் போய்க் குளிரில் நின்றேன்.

பூசானில் அன்ரிக்கு நாக்குத் திரும்பி வந்தது. ஜப்பானில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கைப்பைக்குள் இருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவிக்கொண்டிருந்தவர், சிவப்பாகப் புளித்த கோவா இலையையும் கொதிக்கிற நண்டுச் சொதியையும் கண்டதும் கண் கலங்கிவிட்டார். "உவங்கள் எங்கட ஆக்களடி. உறைப்புத் தெரிஞ்ச சனம்." சோற்றுக்கு இன்னொரு கிண்ணம் கேட்டார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் அதைச் சொல்லவில்லை.

மீன்சந்தையில் ஒரு பெண் முழங்கை வரை றப்பர் உறையோடு விலாங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் சிவப்புக் குடை, அதன் நிறம் முழுக்க அவளுடைய முகத்தில். நான் கமராவைத் தூக்கினேன். ஒரு வாளி தண்ணீர் என் காலடியில் வந்து விழுந்தது. அவள் போட்ட சத்தத்தைப் பக்கத்துக் கடைப் பெடியன் மொழிபெயர்த்தான்: "கேட்காமல் எடுக்காதே. என் முகத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டப்போகிறாய்?"

இந்தப் பயணத்தில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் பேச்சு அதுதான். கமராவை இறக்கினேன். எனக்கு அவளில் கோபமே வரவில்லை. பிறகுதான் வந்தது. ஏனென்றால் அன்ரி கருவாடு விலை கேட்டுக்கொண்டு அங்கே வர, அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அன்ரியின் தோளில் கையைப் போட்டு, எடு எடு என்று எனக்குச் சைகை காட்டினாள். அன்ரியோடு என்றால் சரியாம்.

சியோலில் கடைசி நாள். காலையில் அறைக் கட்டிலில் சாறி விரிந்து கிடந்தது, அட்டியலும் கொண்டையும் பக்கத்தில்.

"ஒரே ஒரு படம் பிள்ளை. பிறகு நான் கேக்கவே மாட்டன். வெறுங்கையோட போய்க் கொம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"நான் கடையில அடுக்கிற சாமான் இல்லையெண்டு சொல்லுங்கோ."

"அந்தப் பெடியன் நல்ல பெடியனாம்."

"பெடியன் நல்லவனாய் இருக்கட்டும். அவனுக்கு என்ரை படம் ஏன்? அவன்ரை படம் எனக்கு வந்ததோ? என்னட்டை ஒருத்தர் கேட்டவையோ?"

அன்ரி சாறியைத் தடவினார். மடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். வெளியே வந்தபோது உடுத்தியிருந்தார், அட்டியலும் போட்டிருந்தார்.

"இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தது. ஆராவது உடுக்கத்தானே வேணும்."

அப்படியே பழைய அரண்மனை பார்க்கப் போனோம். முற்றத்தில் கலியாண சோடிகள் வரிசையாகப் படம் எடுக்க வந்திருந்தார்கள். வாடகை உடுப்பில் ஒரு மணப்பெண். படப்பிடிப்பாளர் அவளுடைய நாடியை விரலால் தூக்குகிறார், தோளை அமத்துகிறார், சிரிக்காதே என்கிறார், இப்போது சிரி என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அந்த மணப்பெண்ணே வரிசையை விட்டு இறங்கி ஓடிவந்தாள், அன்ரியின் சாறித் தலைப்பைத் தொட்டுப் பார்க்க. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள். படப்பிடிப்பாளரும் வந்தார். என் கமராவைக் கேட்டு வாங்கி, எங்கள் இரண்டு பேரையும் வாசலுக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நில் என்று கை காட்டினார். எனக்குத்தான் காட்டினார். நடுவில் நிற்கவேண்டியவர் அன்ரியாம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அன்ரிக்கும் வந்தது. அதில் ஒரு படம் விழுந்தது.

ரொறன்ரோ வந்து அடுத்த ஞாயிறு, ரூஜில் பெரியமாமாவின் புது வீட்டில் குடும்பம் கூடியது. பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் மேசையில், என் படங்கள் கார்ப்பெற்றில். நான் உயிரைக் கொடுத்து எடுத்த கூரையையும் மழையையும் சீட்டுக் கட்டுப்போல் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். "உதில ஒண்டும் இல்லையே" என்று அம்மா சொன்னா.

சிவம் அங்கிள் ஒரு கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உந்த மனிசி ஏன் எல்லாத்திலயும் வேலிக் கதியால் மாதிரி நிக்குது? வடிவான இடமெல்லாத்தையும் பழுதாக்கி வைச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரியும் சிரித்தார், தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிக் குசினிக்குப் போனார். நானும் இரண்டு கிழமையாக அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் சிவம் அங்கிள் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் கூட்டத்தின் கலியாணம், சாமத்தியவீட்டுப் படமெல்லாம் நான்தான் கழுவுகிறேன். அவற்றில் அன்ரியைத் தேடிப் பாருங்கள். தட்டு ஏந்திய ஒரு கை, கதவோரம் பாதித் தோள், யாரோ ஒருவரின் தலைக்குப் பின்னால் நெற்றி. அந்த மனுசி இரண்டு நாட்டில் நடுவில் போய் நின்றது இவர்களுக்குப் பொறுக்கவில்லை.

பெரியமாமா அரண்மனைப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது காணும். இவளின்ரை முகம் நல்ல வெளிச்சமாய் விழுந்திருக்கு. சிரிக்கிறாள் வேற. பத்மாவை வெட்டிப்போட்டுப் பெரிசாக்கினால் அப்பிடியே நோர்வேக்கு அனுப்பலாம்."

"சாறி இல்லையே அண்ணை" என்றா அம்மா.

"இந்தக் காலத்தில ஆர் உதெல்லாம் பாக்கினம்? பிள்ளை, உன்ரை கடைதானே, நீயே வெட்டிக் கொண்டு வா."

குசினி வாசலில் கேத்திலோடு நின்ற அன்ரி சொன்னார்: "ஓமோம், என்னை வெட்டுங்கோ. நான் நிண்டு என்னத்துக்கு?"

என்னை அனுப்புவதற்கு அவரை வெட்ட வேண்டும். அவரும் ஓம் என்கிறார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வீடு இரண்டுபடும் என்று தெரிந்தது.

"சரி மாமா, வெட்டித் தாறன்" என்றேன். நான் இவ்வளவு லேசில் மடங்கியதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், மாமாவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்தபின் நெகற்றிவ்வைப் பெரிதாக்கும் மெசினில் போட்டேன். அன்ரி தெரிந்தார். மயில்கழுத்துப் பட்டு, அட்டியல், பின்னால் அரண்மனை வாசல், கடைவாய்த் தங்கப்பல் தெரிய ஒரு சிரிப்பு. இங்கே நிற்கலாமோ என்று யாரையும் கேட்கிற முகமே இல்லை. ஓரத்தில் ஜீன்ஸோடு நான். வெட்டினேன். என்னை வெட்டினேன். முழங்கை ஒன்று மிஞ்சியிருந்தது, சட்டத்தைத் தள்ளி அதையும் வெட்டினேன். ஆகப் பெரிய அளவில் ஒன்று அடித்து, மட்டை வைத்து, உறையை நன்றாக ஒட்டி மாமாவிடம் கொடுத்தேன். விலாசம் எழுதித் தபாலில் போட்டது அவர்தான்.

சாறி கேட்டார்கள், முழு ஆளும் தெரிய வேண்டும் என்றார்கள், பின்னால் நல்ல இடம் வேண்டும் என்றார்கள். கேட்டதெல்லாம் அதில் இருந்தது.

நோர்வேயில் இருந்து தாய்க்காரி போன் எடுத்தா. "பொம்பிளை நல்ல லட்சணம்தான், சாறியும் நல்ல சாறி. ஆனால் எங்கட மகனுக்கு இப்பதான் முப்பத்தாறு" என்றாவாம். அம்மா போனை வைத்துவிட்டா. பெரியமாமா என்னைத் தன் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவா. சம்பந்தம் அதோடு முறிந்தது. எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை.

அந்தக் கிழமை கடைக்கு ஒரு போன் வந்தது. பத்மா அன்ரி. பின்னால் ரீவி அலறியது.

"எடியே, என்ன வேலையடி பாத்தனீ? கொம்மா அழுதுகொண்டிருக்கிறா. அந்த ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பினம்?"

"நல்ல லட்சணமாம் அன்ரி."

பின்னால் கேட்ட ரீவிச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவை அந்தப் படத்தைத் திருப்பி அனுப்புவினமோ?"

"தெரியாது. ஏன்?"

"எனக்கு ஒண்டு அடிச்சுத் தா பிள்ளை. அதே அளவில. வெட்டின மாதிரியே. ரீவிக்கு நேர மேல மாட்டப்போறன்."